ஞாயிறு குடும்பக் கலை நேரம்: பண்பாட்டு மையத்தில் தொடங்கி நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

பண்பாட்டு மையங்களில் ஞாயிற்றுக்கிழமை ஓவியமோ கைவினையோ நடக்கும்போது பெரும்பாலும் காணக்கிடைப்பது இதுதான்: நடுவில் குழந்தைகள் வரைந்துகொண்டிருப்பார்கள். சுவரோர நாற்காலிகளில் பெற்றோர் கைபேசியோடு காத்திருப்பார்கள். இது குழந்தைகள் வகுப்பு. நல்ல வகுப்பாகவே இருக்கலாம், ஆனால் குடும்ப நிகழ்ச்சி ஆகிவிடாது. வாரம் முழுக்க வேலை, பள்ளி என்று ஆளுக்கொரு திசையில் ஓடிய வீட்டார் ஒரே மேசையில் ஒரே காரியத்தில் கை வைக்கக் கிடைக்கும் நேரம் ஞாயிறுதான். அந்த நேரத்தை நாற்காலிக்குக் கொடுப்பது பெரிய இழப்பு.

மைய ஒருங்கிணைப்பாளர்களுக்கும், கலை சொல்லித்தரும் தன்னார்வலர்களுக்கும் எழுதப்பட்ட வழிகாட்டி இது. செயல்பாட்டைத் தேர்ந்தெடுப்பது முதல் தரையைத் துடைப்பது வரை எந்தக் கட்டத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பெரியவர் கைக்கு இங்கே என்ன வேலை?

படி 1: யாருக்காக என்பதை முடிவு செய்யுங்கள்

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை நடத்திய விக்டர் டி'அமிகோ 1942-இல் குழந்தைகளுக்கென ஒரு கலைத் திருவிழாவைத் தொடங்கினார். உள்ளே பெற்றோருக்கு அனுமதி இல்லை. பெரியவர் பக்கத்தில் நின்றால் குழந்தை தாளைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். "வானத்துக்கு நீலம் அடி", "கால் இவ்வளவு நீளமா இருக்கும்?" என்று திருத்தங்கள் வந்து விழும். இந்த அச்சம் நியாயமானது. எந்தக் கலைக்கூடத்திலும் இன்றும் இதைப் பார்க்கலாம். ஆனால் அதே டி'அமிகோதான் 1950-களின் தொடக்கத்தில், பெற்றோரும் குழந்தையும் வீட்டில் சேர்ந்து செய்யும்படி தொலைக்காட்சி வழியாகவும் கலைப் பயிற்சி கொடுத்தார்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு வழி தெரிகிறது. சும்மா இருக்கும் பெரியவர்தான் திருத்துவார். தன் கையில் தூரிகை இருக்கும் பெரியவருக்குத் திருத்த நேரம் இருக்காது. அதனால் அவரை வெளியே அனுப்ப வேண்டாம். அவருக்கும் ஒரு தாள் கொடுங்கள்.

நிகழ்ச்சி அறிவிப்பிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். "4 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு" என்று போட்டால் பெற்றோர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். "குடும்பத்தோடு வாருங்கள். தாத்தா, பாட்டி, சித்தி, மாமா யாராக இருந்தாலும் எல்லோருக்கும் வேலை உண்டு" என்று எழுதினால் வருபவர்கள் தயாராக வருவார்கள். குழந்தையைத் தனியே விட்டுச்செல்ல முடியாது என்பதையும் அதே இடத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். பாதுகாப்புக்கும் அது நல்லது.

படி 2: நேரம், வடிவம்

ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடியும் பட்டறை ஒரு வகை. இரண்டு மணி நேரம் திறந்திருக்கும், எப்போது வேண்டுமானாலும் வந்து செய்துவிட்டுப் போகலாம் என்பது இன்னொரு வகை. கைக்குழந்தை உள்ள வீட்டார் சொன்ன நேரத்துக்கு வருவது எளிதல்ல. தாமதமாக வந்தவர்கள் கூச்சப்பட்டு ஓரத்தில் நின்றுவிடுவார்கள். ஆகவே புதிதாகத் தொடங்கும் மையம் இரண்டாம் வகையை எடுத்துக்கொள்வதே நல்லது. மேசைக்கு ஒரு செயல்பாடு, ஒவ்வொன்றும் இருபது முப்பது நிமிடத்தில் முடியக்கூடியது, கடைசி நுழைவு மூடுவதற்கு அரை மணி முன்பு.

வாராவாரம் நடத்த ஆள்பலம் இல்லையென்றால் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் போதும். எந்த ஞாயிறு என்பது மட்டும் மாறக் கூடாது. நாள் நினைவில் நின்றால்தான் வீட்டார் திரும்ப வருவார்கள்.

எட்டுப் பேர் அமரும் மேசைக்கு ஒரு வழிநடத்துபவர், வாசலில் ஒருவர், எந்த மேசையையும் சேராமல் சுற்றிவர ஒருவர். இந்த மூன்றாவது ஆளை மிச்சம் பிடிக்காதீர்கள். தண்ணீர் கொட்டுவதும், யாராவது அழுவதும், பசை தீர்வதும் ஒரே நேரத்தில்தான் நடக்கும்.

படி 3: செயல்பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். இங்கே தவறினால் மற்ற ஏற்பாடுகள் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பயனில்லை.

ஒரு செயல்பாடு குடும்பத்துக்கு ஏற்றதா என்று பார்க்கச் சில கேள்விகள் உதவும். நான்கு வயதுக் குழந்தையும் எழுபது வயதுத் தாத்தாவும் தங்கள் தங்கள் கையாலேயே இதில் ஒரு பங்கைச் செய்ய முடியுமா? இரண்டு பேர் கை சேர்ந்தால்தான் நன்றாக வரும் ஒரு கட்டம் இதில் இருக்கிறதா? முடிவில் இருபது மேசையிலும் ஒரே பட்டாம்பூச்சிதான் இருக்குமா, அல்லது ஒவ்வொரு வீட்டாரும் வேறொன்றைச் செய்திருப்பார்களா? கடைசிக் கேள்வியில் தோற்கும் செயல்பாடுகளை, அதாவது நகலெடுத்த படத்துக்கு வண்ணம் தீட்டுவது, வெட்டிவைத்த துண்டுகளை மாதிரியைப் பார்த்து ஒட்டுவது போன்றவற்றை, தயங்காமல் ஒதுக்குங்கள். அவை மேசையை அமைதியாக வைத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அங்கே யாரும் யாரிடமும் பேச வேண்டிய தேவை வராது.

நம்பித் தொடங்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

மடித்த தாள் உருவம். 1920-களில் பாரிஸின் சர்ரியலிசக் கலைஞர்கள், அதாவது கனவையும் தற்செயலையும் கலையாக்கியவர்கள், விளையாட்டாக உருவாக்கிய முறை. ஒரு ஏ3 தாளை நீளவாக்கில் நிறுத்தி மூன்றாக மடிக்க வேண்டும். முதல் ஆள் மேல் பகுதியில் தலையை வரைந்து, கழுத்தின் இரண்டு கோடுகளை மட்டும் மடிப்பைத் தாண்டிச் சற்றே நீட்டிவிட்டு, தலை தெரியாதபடி மடித்து அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் உடலை வரைந்து இடுப்புக் கோடுகளை நீட்டிக் கொடுப்பார். மூன்றாம் ஆள் கால்கள். பிறகு விரித்துப் பார்க்க வேண்டியதுதான். மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மீனின் வால், லாரியின் சக்கரம், மரத்தின் வேர் எதுவும் வரலாம். முன்னால் வரைந்தது தெரியாததால் யாரும் யாரையும் திருத்த முடியாது. "எனக்கு வரையத் தெரியாது" என்று சொல்லும் அப்பாவுக்கும் இதில் அச்சமில்லை. மூன்று வயதுக் கிறுக்கலும் அருமையான தலைமுடியாகிவிடும். தேவை தாளும் பென்சிலும் மட்டுமே. முதல் ஞாயிறுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

வண்ணத் தாள் வெட்டு. ஓவியர் ஆன்ரி மத்தீஸ் முதுமையில், நோய்க்குப் பின், தூரிகையைவிடக் கத்தரிக்கோலைத்தான் அதிகம் எடுத்தார். உதவியாளர்கள் குவாஷ் என்னும் ஒளிபுகா நீர்வண்ணத்தைத் தாளில் பூசி வைப்பார்கள், அவர் அதில் உருவங்களை நேரடியாக வெட்டுவார். இந்த வேலைப் பங்கீடு குடும்பத்துக்கு அப்படியே பொருந்தும். சிறியவர்கள் பெரிய தூரிகையால் தாள் முழுதும் ஒரே வண்ணத்தைப் பூசுவார்கள். பெரியவர்களும் பெரிய பிள்ளைகளும் வெட்டுவார்கள். எங்கே ஒட்டுவது என்பதை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். பூசிய தாள் காயக் காத்திருக்க வேண்டுமே என்ற சிக்கலுக்கு எளிய வழி உண்டு: ஒவ்வொரு வீட்டாரும் அடுத்து வரப்போகிறவர்களுக்காக இரண்டு தாள் பூசிக் கொடியில் மாட்டிவிட்டு, ஏற்கனவே காய்ந்த குவியலிலிருந்து தங்களுக்கு எடுத்துக்கொள்ளட்டும். முதலில் வருபவர்களுக்காகத் தன்னார்வலர்கள் முந்தின நாளே ஒரு கட்டுத் தாள் பூசி வைத்திருக்க வேண்டும். முன்பின் தெரியாத வீடுகளுக்கிடையே இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் நடப்பதும் நல்லதுதான்.

வெட்டும்போது ஒரு குறிப்பு: கத்தரிக்கோல் நேராகவே நிற்கட்டும், தாளைத்தான் திருப்ப வேண்டும். இடக்கைக்காரர்களுக்கென்று இரண்டு மூன்று கத்தரிக்கோல் தனியே வாங்கி வையுங்கள். வலக்கைக் கத்தரிக்கோல் அவர்கள் கையில் தாளை வெட்டாமல் மடிக்கும். கத்தரிக்கோல் பிடிக்க வராத சிறுவர்கள் கையால் கிழிக்கட்டும். கிழிந்த விளிம்புக்குத் தனி அழகு உண்டு.

நிழல் நாடகம். வெள்ளைத் துணி, கறுப்பு அட்டை, குச்சி, ஒரு விளக்கு. உருவம் வெட்டுவது ஒரு வேலை, கதை சொல்வது ஒரு வேலை, விளக்குப் பிடிப்பது ஒரு வேலை, குரல் கொடுப்பது ஒரு வேலை. வரைவதில் ஆர்வமில்லாத பாட்டி கதைக்கு வந்துவிடுவார். விளக்கின் ஒளி ஒரு சிறு புள்ளியிலிருந்து வர வேண்டும், அப்போதுதான் நிழலின் விளிம்பு கூர்மையாக விழும். கைபேசியின் டார்ச்சே போதும். நீளமான குழல்விளக்கு கூடாது, நிழல் கரைந்துபோகும். உருவத்தை விளக்கின் பக்கம் கொண்டுபோனால் நிழல் பெரிதாகும், திரையின் பக்கம் கொண்டுவந்தால் சிறியதாகவும் தெளிவாகவும் ஆகும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் கண்டுபிடிக்க விடுங்கள். திரையைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்திலேயே கட்டுங்கள், உட்கார்ந்தபடியே ஆட்டலாம். கதை ஐந்து நிமிடம் தாண்ட வேண்டாம். தெரிந்த கதையின் ஒரே ஒரு காட்சி என்றால் இன்னும் நன்று.

வெயில் நன்றாக இருக்கும் நாளில் சூரிய அச்சும் செய்யலாம். ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த நீல அச்சு முறை அது. ரசாயனம் பூசப்பட்ட தாள் தயாராகவே கிடைக்கிறது. அதன்மேல் இலையோ வெட்டிய உருவமோ வைத்து, உறையில் சொல்லியிருக்கும் நேரம் வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் நீலப் பின்னணியில் வெள்ளை உருவம் நிற்கும். காயக் காய நீலம் ஆழமாகும். ரசாயனத்தைக் கலந்து பூசும் வேலையை மட்டும் குடும்ப நிகழ்ச்சியில் வைக்காதீர்கள்.

படி 4: வயதைப் புரிந்துகொள்ளுங்கள்

கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் குழந்தை ஓவியத்தின் வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டினார். இரண்டு முதல் நான்கு வயது வரை கிறுக்கல். நான்கிலிருந்து ஏழு வரை, தலையிலிருந்தே கால் முளைக்கும் மனிதர்கள் போன்ற முதல் உருவங்கள். ஏழிலிருந்து ஒன்பது வரை, தரைக்கு ஒரு கோடு, அதன்மேல் வீடு, மரம், ஆட்கள் என்று ஓர் ஒழுங்கு. ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள், "நிஜத்தில் இருப்பதுபோல் வரவில்லையே" என்ற வருத்தம். வயதெல்லை பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஆனால் தன்னார்வலருக்கு இந்தப் பகுப்பு மிகவும் பயன்படும். தலையிலிருந்து கால் முளைத்த உருவத்தைப் பார்த்து "வயிறு எங்கே?" என்று கேட்காமல் இருக்க இது கற்றுத்தரும்.

அதிகக் கவனம் தேவைப்படுவது கடைசி வயதினருக்கு. வரைவதைப் பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அவர்களிடம் பென்சிலைக் கொடுத்து வரையச் சொல்லாமல் வெட்டு, அச்சு, நிழல் என்று தத்ரூபம் தேவைப்படாத வழிகளைக் காட்டுங்கள். பதின்வயதினருக்கு உண்மையான பொறுப்பு கொடுங்கள்: நிழல் நாடகத்தின் விளக்கும் ஒலியும் அவர்கள் கையில் இருக்கட்டும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மட்டும் கொடுத்தால் அடுத்த மாதம் வர மாட்டார்கள்.

படி 5: இடம், பொருள், பாதுகாப்பு

1990-களில் அமெரிக்காவின் பிலடெல்பியா, கேம்டன் நகரங்களைச் சேர்ந்த அருங்காட்சியகம், உயிரியல் பூங்கா போன்ற நான்கு நிறுவனங்கள் இணைந்து, குடும்பங்கள் சேர்ந்து கற்க ஏற்ற காட்சிப்பொருளுக்கு ஏழு இயல்புகளை வகுத்தன. அவற்றில் மூன்று நம் மேசைக்கும் அப்படியே பொருந்தும்: எல்லாப் பக்கத்திலிருந்தும் அணுக முடிய வேண்டும், ஒரே நேரத்தில் பல கைகள் வேலை செய்ய முடிய வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட விளைவு சாத்தியமாக வேண்டும். ஆகவே மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். நடுவில் போடுங்கள். ஒரு வண்ணத் தட்டை நான்கு பேர் பகிரும்படி வையுங்கள். நாற்காலிகளை மேசையைச் சுற்றி மட்டும் போட்டு, சுவரோரத்தில் இருப்பவற்றை எடுத்துவிடுங்கள். நின்றுகொண்டே இருக்க முடியாத முதியவருக்கும் இடம் மேசையருகிலேயே இருக்கட்டும். தரையில் உட்காரப் பழகியவர்களுக்கு ஒரு மூலையில் தார்ப்பாய் விரித்து அதே செயல்பாட்டை அங்கேயும் வையுங்கள்.

தாளில் சிக்கனம் வேண்டாம். நகலெடுக்கும் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் தண்ணீர் பட்டதும் சுருங்கிக் கிழியும். போஸ்டர் கலருக்கு 150 முதல் 200 ஜிஎஸ்எம், நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் நன்றாகத் தாங்கும். அக்ரிலிக் காய்ந்தால் உடையிலிருந்து போகாது, கழுவினால் போகும் போஸ்டர் கலரே குடும்பங்களுக்கு ஏற்றது. வண்ணப் புட்டியில் "ஏஎஸ்டிஎம் டி-4236" (ASTM D-4236) என்ற அமெரிக்கத் தர எண் இருந்தால், நாள்பட்ட கேடு உண்டா என்று ஆராய்ந்து அதற்கேற்ற எச்சரிக்கையை அச்சிட்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள். நச்சற்றது என்று அதற்குப் பொருள் இல்லை. "ஏபி" (AP) முத்திரைதான் நச்சற்றது என்பதைக் குறிக்கும். சிறுவர் மேசைக்கு அதைப் பார்த்து வாங்குங்கள்.

மூன்று வயதுக்கு உட்பட்டோர் வரும் இடத்தில் மணி, பொத்தான், பருப்பு, விதை எதுவும் வேண்டாம். அந்த வயதுப் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை பயன்படுகிறது. அதற்குள் அடங்கிவிடும் பொருள் தொண்டையில் சிக்கக்கூடியது. பொத்தான் பேட்டரி போட்ட குட்டி விளக்குகளை முற்றாகத் தவிர்க்க வேண்டும். விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கையைப் புதைத்து அச்செடுப்பது பலருக்குப் பிடித்த யோசனை. செய்யவே செய்யாதீர்கள். அது இறுகும்போது சூடாகும், கனமான கலவைக்குள் இருக்கும் கை வெந்துபோகும் அளவுக்கு. சூடான பசைத் துப்பாக்கி ஒரு தன்னார்வலரின் மேசையில் மட்டும் இருக்கட்டும்.

களிமண் வைத்தால் இரண்டு விஷயம். கை கழுவிய தண்ணீரைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வாளியில் விட்டு, மண் அடியில் தங்கியபின் மேல்தண்ணீரை மட்டும் கொட்டுங்கள். காய்ந்த களிமண்ணைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குக் கெடுதல்.

படி 6: ஒத்திகை

ஒரு வாரம் முன்பு, மையத்தில் வேலை செய்பவர்களின் வீட்டார் இரண்டு மூன்று பேரை அழைத்துச் செயல்பாட்டை முழுதாகச் செய்து பாருங்கள். வழிநடத்துபவர் பேசாமல் இருக்க வேண்டும், மேசையில் இருக்கும் குறிப்பு அட்டை மட்டுமே பேச வேண்டும். எங்கே கை நிற்கிறது, எந்தக் கட்டத்தில் பெரியவர் குழந்தையின் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார் என்று பாருங்கள். அப்படி வாங்கிக்கொள்ளும் கட்டம் குழந்தைக்குக் கடினமாக இருக்கிறது என்று பொருள். அதை எளிதாக்குங்கள், அல்லது தொடக்கத்திலேயே பெரியவரின் வேலையாக வைத்துவிடுங்கள்.

படி 7: அன்றைய நாள்

வாசலில் நிற்பவர் சொல்லும் முதல் வாக்கியம் முக்கியம். குழந்தையிடம் மட்டும் குனிந்து பேசினால் பெற்றோர் பின்வாங்கிவிடுவார்கள். "வாங்க, வாங்க. ஆளுக்கு ஒரு பென்சில் எடுத்துக்குங்க. அம்மா, உங்களுக்கும்தான்" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிடுங்கள். கொடுத்த பென்சிலைத் திருப்பித் தருபவர்கள் மிகக் குறைவு.

மையத்தில் ஓவியமோ சிற்பமோ இருந்தால், மேசைக்குப் போகும் முன் அதன்முன் பத்து நிமிடம் நிறுத்துங்கள். உளவியலாளர் அபிகெயில் ஹவுஸன், அருங்காட்சியகக் கல்வியாளர் பிலிப் யெனவைன் இருவரும் உருவாக்கிய முறையில் மூன்றே கேள்விகள்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்னென்ன கண்ணில் படுகிறது? சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. சொன்னதைத் திரும்பச் சொல்லி, அந்த இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும், அவ்வளவே. ஓவியரின் பெயரும் காலமும் அவர்கள் கேட்டால் சொல்லலாம். ஐந்து வயதுப் பிள்ளை பார்த்த ஒன்றைப் பெரியவர்கள் பார்க்காமல் விட்டிருப்பார்கள். அதை எல்லோர் முன்னும் பிள்ளை சொல்லும்போது அப்பாவின் பார்வையே மாறும். பிறகு மேசையில் அவர் குறுக்கிடுவதும் குறையும்.

மேசையில், திருத்தும் பெற்றோரை வழிநடத்துபவர் கண்டிக்க வேண்டாம். அவருக்கு உடனே ஒரு வேலை கொடுங்கள்: "சார், இந்தத் தாளைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கறீங்களா?" பாராட்டும்போது "ரொம்ப அழகு" என்று முடித்துவிடாமல், கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "இந்த மூலையை மட்டும் கறுப்பாகவே விட்டிருக்கீங்களே!" அதற்குக் குழந்தை தரும் விளக்கத்தை அம்மாவும் கேட்பார்.

படி 8: எல்லோரும் வர வேண்டும்

சத்தம் தாங்காத பிள்ளைகளுக்காக ஒரு சிறு அறையையோ திரை போட்ட மூலையையோ ஒதுக்குங்கள். அதே பொருட்கள் அங்கேயும் இருக்கட்டும். காதை மூடும் கருவி இரண்டு வாங்கி வைத்தால் நல்லது. முதலில் என்ன, அடுத்து என்ன என்று படங்களாக வரைந்த அட்டை வாசலில் இருந்தால், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும், எழுத்துத் தெரியாத சிறுவர்களுக்கும், வேறு மொழி பேசும் பெரியவர்களுக்கும் சேர்த்தே உதவும். சக்கர நாற்காலியில் வருபவரின் முழங்கால் மேசைக்கடியில் போகிறதா என்று முன்பே அளந்து பாருங்கள். தடித்த பிடியுள்ள தூரிகைகள் விரல் நடுங்கும் முதியவருக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும் ஒருசேரப் பொருந்தும். பென்சிலில் நுரைக்குழாயைச் செருகியும் இதைச் செய்யலாம். குழந்தைக்கு உடை மாற்றவும் பாலூட்டவும் இடம் எங்கே என்று கேட்காமலே தெரியும்படி அடையாளம் போடுங்கள்.

படி 9: முடிப்பதும் பதிவு செய்வதும்

முடிய கால் மணி இருக்கும்போது ஒரு முறை, ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு முறை சொல்லுங்கள். திடீரென்று நிறுத்தினால் சிறியவர்கள் உடைந்துபோவார்கள். தூரிகை கழுவுவதும் செயல்பாட்டின் பகுதியாகவே இருக்கட்டும். அழுக்குத் தண்ணீர் வாளி, சுத்தத் தண்ணீர் வாளி, துடைக்கும் துணி என்று மூன்றும் வரிசையாக இருந்தால் குழந்தைகளே செய்வார்கள்.

படைப்புகளை ஒரு கொடியில் மாட்டிக் காட்டலாம். பெயர் போடும்போது குழந்தையின் பெயரை மட்டும் போடாமல் கை வைத்த எல்லோருடைய பெயரையும் எழுதச் சொல்லுங்கள். போட்டியும் பரிசும் வேண்டாம். படம் எடுப்பதென்றால் பெற்றோரிடம் முன்பே எழுத்தில் இசைவு வாங்குங்கள், மறுப்பவர்களைச் சங்கடப்படுத்தாமல் மேசைகளையும் கைகளையும் மட்டும் எடுக்கலாம்.

எல்லோரும் போனபின், களைப்பாக இருந்தாலும், தன்னார்வலர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுதிவிட வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, எத்தனை பெரியவர்கள் கடைசிவரை மேசையில் இருந்தார்கள், எந்த மேசையில் வீட்டார் அதிக நேரம் தங்கினார்கள், எந்தப் பொருள் தீர்ந்தது, எந்தப் பொருளை யாரும் தொடவில்லை என்று குறியுங்கள். பெரியவர்கள் எழுந்துபோன மேசையின் செயல்பாட்டை அடுத்த முறை மாற்றுங்கள், அல்லது அவர்களுக்கென்று அதில் ஒரு கட்டத்தைச் சேருங்கள். நன்றாக ஓடியதை அடுத்த ஞாயிறும் அப்படியே வையுங்கள். ஒரே செயல்பாடு திரும்ப வந்தால் சலிக்குமே என்ற கவலை அமைப்பாளர்களுக்குத்தான் இருக்கும். பிள்ளைகள் இரண்டாம் முறைதான் துணிந்து செய்வார்கள்.